குளியலறை நாற்றமா? வாசனை வாங்கும் முன் தரை ஓட்டையைப் பாருங்கள்

“வாடகை வீட்டுக் குளியலறை எப்போதும் நாறுகிறது. அதிகச் செலவில்லாமல், பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லாமல் வாசனையாக வைத்திருக்க என்ன வழி?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. ஆனால் “ஆபத்தில்லாமல்” என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா போக மனம் வரவில்லை.

உங்கள் வீடும் என் வீடு மாதிரிதான் என்று வைத்துக்கொள்கிறேன். மலிவு விலை வரிசை வீடு, குளியலும் கக்கூசும் ஒரே அறை, மேலே நாலு கண்ணாடித் தகடு வைத்த நாக்கோ சன்னல், அதிலும் பாதி துருப்பிடித்துத் திறக்காது.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறிய பிறகு டவுன் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்கள். 2012-இல் மூத்த மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது குளியலறையில் நாற்றம் தொடங்கியது. சாதாரண நாற்றம் இல்லை, லோங்காங்கை, அதாவது சாக்கடையைத் திறந்து வைத்த மாதிரி. வருகிறவர்கள் முதலில் கை கால் கழுவப் போவார்கள், பெண் வளர்த்த வீடு இப்படியா என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குத் தூக்கமே இல்லை. மலிவுக் கடைக்குப் போய் தொங்கவிடுகிற வாசனைக் கட்டி, ஸ்ப்ரே, அந்துருண்டை ஒரு பை என்று முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கி வந்தேன். ரோஜா வாசமும் லோங்காங் வாடையும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? வெறும் லோங்காங்கே தேவலாம்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் ராத்திரி பொறுக்க முடியாமல் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத் தரையெல்லாம் ஊற்றினேன். அது போதாதென்று அதன் மேலேயே குளோராக்ஸ் ப்ளீச். கதவு சாத்தியிருந்தது. இரண்டு மூச்சுதான் இழுத்திருப்பேன், கண் எரிந்து தொண்டை அடைத்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். என் வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டு என்னை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எதோடு எதைக் கலந்தீங்க?” ஆசிட்டும் குளோராக்ஸும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன அறையில் உயிருக்கே ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். குளோராக்ஸோடு சுக்கா (சமையல் வினிகர்) கலந்தாலும் அதே கதைதான். அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் அது வேறொரு விஷ வாயு.

அன்றிரவு அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வாசமா இருந்தா அது மருந்து இல்லேன்னு ஆயிடுமா?” அம்மா தோட்டத்தில் முதுகில் தொட்டி சுமந்து புல்லுக்கு மருந்து அடித்தவர். பாராகுவாட். மூக்கைச் சுற்றி ஒரு பழைய துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. கை நகங்கள் கறுத்து உரிந்திருக்கும், சோறு பிசையும்போது எரியும் என்பார். அந்த மருந்தை இந்த நாட்டில் முழுசாகத் தடை செய்தது 2020 ஜனவரியில். அம்மா 2016-லேயே போய்விட்டார். அதனால்தான் “ஆபத்தில்லாமல்” என்று யாராவது கேட்டால் எனக்கு அது சின்னக் கேள்வியாகத் தெரிவதில்லை.

சரி, நாற்றம் எங்கிருந்து வந்தது? மறுநாள் காலையில் வீட்டுக்காரர் டார்ச் அடித்துத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்தார். சல்லடை மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்திருக்க வேண்டும். அதன் விளிம்பு தண்ணீருக்குள் முங்கியிருக்கும், அந்தத் தண்ணீர்தான் குழாய்க் காற்று மேலே வராமல் அடைத்து நிற்கும். கிண்ணத்தைக் காணோம். முடி அடைக்கிறது, தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று சில வாரம் முன்னால் அவரே கழற்றியிருக்கிறார். தொட்டிச் சுவரின் மேல் அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, உள்ளே அவருடைய சவர பிளேடு இரண்டு. வாரக்கணக்கில் நான் தினமும் பார்த்த கிண்ணம் அது! கழுவி, முடியை எடுத்து, இடத்தில் கவிழ்த்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நாற்றமே இல்லை. ஒரு காசு செலவில்லை.

ஆகவே நீங்களும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கிண்ணம் சரியாக இருந்தாலும், புழங்காத குளியலறையில் தண்ணீர் வற்றினால் அதே நாற்றம் வரும். ஊருக்குப் போய் வந்தால் ஒரு வாளி ஊற்றுங்கள்.

அடுத்து ஈரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி நாற்றம் ஈரத்தில்தான் இருக்கிறது. கடைசி ஆள் குளித்ததும் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, கால்மிதியை வெயிலில் போட்டு, கதவைத் திறந்து வையுங்கள். ஈரத் துண்டு அங்கே தொங்கவே கூடாது. பையன்கள் இருக்கிற வீடென்றால் கக்கூஸ் பீங்கான் தரையோடு சேருகிற விளிம்பைக் குனிந்து பாருங்கள். சிறுநீர் அங்கேதான் போய் ஊறும். பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும். மஞ்சள் கறைக்குச் சுக்கா ஊற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வரும். சுக்காவையும் சோடா மாவையும் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். தனித்தனியாகத்தான் வேலை செய்யும்.

குளோராக்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பூஞ்சணத்துக்கு நானும் போடுகிறேன். தண்ணீர் கலந்து, சன்னலைத் திறந்து, அது மட்டும் தனியாக. முதலில் போட்டது எதுவானாலும் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்தது.

அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் பேரனுக்கு அந்தக் குறை இருந்தது. நாப்தலின் உருண்டை வாடை பட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம் என்று தாதி சொன்ன அன்றே வீட்டிலிருந்த உருண்டையை எல்லாம் கட்டித் தூக்கிப் போட்டேன்.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்களுக்கு: 2013-லிருந்து பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு இருபது கக்கூஸ். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதே பள்ளி, அதே வாளி, அதே நான். குத்தகை எடுக்கிற கம்பெனி மாறும்போதெல்லாம் எங்களைப் புது ஆள் என்று எழுதுகிறார்கள். சேர்ந்த விடுப்பு போய்விடும், செய்த வருஷங்களுக்குக் கணக்கில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே, நேற்று சேர்ந்த பெண்ணுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். அந்தப் பெண்ணுக்குக் குறைக்கச் சொல்லவில்லை. ஆசிட்டையும் குளோராக்ஸையும் ஒரே அலமாரியில் வைக்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

வாசனைக்கு வருகிறேன். நாற்றம் போன பிறகு பாண்டான் (ரம்பை) இலை நாலைந்தை முடிச்சுப் போட்டு ஒரு சின்னக் கூடையில் வையுங்கள். மூன்று நாளில் மாற்றிவிட வேண்டும், விட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். கரப்பான் வராது என்பார்கள், என் வீட்டில் வந்தது. சேரை (எலுமிச்சைப் புல்) தண்டை நசுக்கிக் கொதிக்க வைத்து, ஆறிய தண்ணீரைக் கடைசியாகத் தரைக்கு ஊற்றலாம். வேலி ஓரம் இரண்டும் முளைத்தால் செலவே இல்லை. தண்ணீர்த் தொட்டி இருந்தால் வாரம் ஒரு தரம் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துவிடுங்கள். வாடையும் போகும், டிங்கி கொசுவும் முட்டை வைக்காது.

இத்தனையும் செய்து, கிண்ணமும் இடத்தில் இருந்து, இன்னும் நாறினால் கழிவுத் தொட்டி நிறைந்திருக்கலாம். கடைசியாக எந்த வருஷம் உறிஞ்சினார்கள் என்று வீட்டு முதலாளியிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், வாடகை கொடுக்கிறீர்கள்.