புகைக்கும் கணக்கு உண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பூமி முன்பும் பலமுறை சூடாகிக் குளிர்ந்திருக்கிறதே. இப்போது மட்டும் மனிதனைக் குற்றம் சொல்வது ஏன்?

முன்பு நடந்ததற்கும் காரணங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகுதான் மனிதன் மாட்டினான். சூரியனின் வலிமையைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் அளக்கின்றன. வெப்ப உயர்வை விளக்கும் அளவுக்கு அதில் ஏற்றம் இல்லை. சூரியனே காரணமானால் வளிமண்டலம் முழுவதும் சூடாக வேண்டும். நடப்பதோ வேறு: தரையருகே சூடு ஏற, ஓசோன் இருக்கும் மேலடுக்கு குளிர்கிறது. போதாததற்கு, காற்றில் கூடியிருக்கும் கார்பனின் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதமே அது நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: எரிமலைகளை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் விடுவதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

கேள்வி: ஓசோன் ஓட்டை வழியாக வெயில் அதிகம் நுழைவதால்தானே இந்தச் சூடு?

இல்லை. இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. ஓசோன் தேய்வு வேறு, புவி வெப்பம் வேறு. முன்னதற்கு 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, ஓசோன் மெல்லத் தேறி வருகிறது. பின்னதற்கு 2015இல் பாரிஸ் உடன்படிக்கை வந்தது, புகை இன்னும் அடங்கவில்லை.

கேள்வி: எங்கள் ஆலை சார்பில் ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டிருக்கிறோம். எங்கள் கார்பன் கணக்கு நேராகிவிட்டது என்று அறிவிக்கலாமா?

கூடாது. வெட்டிய குழிகளை எண்ணியிருக்கிறீர்கள். பிழைத்த மரங்களை எண்ணினீர்களா? என்ன மரம், எந்த மண், யார் தண்ணீர் விடுகிறார்கள், எதுவும் கடிதத்தில் இல்லை. விழாப் புகைப்படம் மட்டும் இணைத்திருக்கிறீர்கள்.

கன்று வளர்ந்து சொல்லிக்கொள்ளும்படி கார்பனைச் சேர்க்க இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். உங்கள் கொதிகலனின் புகை இன்றே மேலே போய்விட்டது. நிலக்கரியில் இருந்த கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது. மரத்தில் இருப்பதோ ஒரு காட்டுத்தீயோ ஒரு கோடரியோ வரும்வரைதான். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி நேர்செய்வது கள்ளக்கணக்கு.

மனிதர் ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறோம். ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் காற்றில் தங்குகிறது, அதில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டு கழித்தும் இருக்கும். ஆகவே வரவு வேறு, இருப்பு வேறு. வரவைச் சற்றே குறைத்தாலும் இருப்பு ஏறத்தான் செய்யும்.

மரம் நடாதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். நிழலுக்கும் மண்ணுக்கும் பறவைக்கும் தாராளமாக நடுங்கள். இருக்கும் காட்டை வெட்டாமல் விடுவது அதைவிட மேல். கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கு காடழிப்பு போன்றவற்றால் வருவதே. கொதிகலனுக்கு மாற்று என்ன என்று கேட்டு எழுதுங்கள். விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். அவ்வளவு சொற்பம் என்ன செய்துவிடும்?

நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரைப் பிடிப்பதில்லை; இந்தச் சொற்பம் பிடிக்கிறது. இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1859லேயே ஆய்வகத்தில் காட்டியது இது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு, இப்போது 420க்கு மேல்.

கேள்வி: 2020இல் உலகமே முடங்கியதே. காற்றில் அளவு ஏன் குறையவில்லை?

மேலே சொன்னதைப் படியுங்கள்: வரவு வேறு, இருப்பு வேறு. அந்த ஆண்டு வெளியீடு ஐந்து சதவீதம் போலச் சரிந்தது, மீதி தொண்ணூற்றைந்து வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: புவி வெப்பம் பற்றி முழுக் கட்டுரை வேண்டும். நாளை காலைக்குள் அனுப்பவும்.

அனுப்ப மாட்டேன்.

கேள்வி: மீத்தேனை மட்டும் நிறுத்தினால் போதாதா?

போதாது, ஆனால் பலன் விரைவில் தெரியும். அது காற்றில் பன்னிரண்டு ஆண்டு போலத்தான் தங்கும். இருபது ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் எண்பது மடங்கு சூடேற்றும். எரிவாயு பெரும்பாலும் மீத்தேனே; அதன் குழாய்க் கசிவை அடைப்பது இருப்பவற்றில் மலிவான வேலைகளில் ஒன்று. அதைச் செய்துவிட்டு நிலக்கரியைத் தொடர்ந்து எரிக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: எல்லை கடந்துவிட்டது, இனி எதைச் செய்தும் பயனில்லை என்கிறார் நண்பர்.

நண்பர் சோம்பேறி. கார்பன் டை ஆக்சைடின் நிகர வெளியீடு (நாம் விடுவதில் நாமே திரும்ப எடுப்பதைக் கழித்த மிச்சம்) பூஜ்யமானால் வெப்ப உயர்வும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும் என்பதே இன்றைய அறிவியல். தொழிற்புரட்சிக்கு முன்பைவிட 1.5 டிகிரி கூடினால் பவளப்பாறைகளில் பத்தில் ஒன்றிரண்டாவது மிஞ்சக்கூடும், 2 டிகிரியில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. அந்த அரை டிகிரி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.