பதிவு ஏறுகிறது, பணம் கட்டியது ஏறவில்லை: அஃபிலியேட் கணக்கில் எங்கே ஓட்டை?

கேள்வி: மாதச் சந்தாவுக்கு பில்லிங் மென்பொருள் விற்கிறோம். கமிஷனுக்காக எங்களைப் பரிந்துரைக்கும் அஃபிலியேட் பார்ட்னர்கள் அனுப்புபவர்கள் இலவசமாகப் பதிந்து, 14 நாள் ட்ரையல் முடிந்தபின் பணம் கட்டுகிறார்கள். பதிவுகள் பார்ட்னர் கணக்கில் ஒழுங்காக ஏறுகின்றன. கட்டணங்களில் பாதி ஏறுவதில்லை. பணம் கட்டியதும் வரும் நன்றிப் பக்கத்தில் பிக்சல் (கட்டணத்தைக் கணக்கில் ஏற்றச் சொல்லும் சிறு கோட்) இருக்கிறது. என்ன கோளாறு?

பதில்: அந்தப் பிக்சலை நம்பியதுதான் கோளாறு. அது குக்கி (யார் வழியாக வந்தவர் என்று பிரவுசரில் வைக்கும் குறிப்பு) இருந்தால்தான் வேலை செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிக்கு சஃபாரி 7 நாள்தான் ஆயுள் கொடுக்கிறது. டிராக்கர் (ஆட்களைப் பின்தொடரும் தளம்) என்று சஃபாரி கணித்த தளத்திலிருந்து, கிளிக் ஐடி (ஒவ்வொரு கிளிக்குக்கும் தரும் தனி எண்) ஒட்டிய லிங்க் வழியாக வந்தவர்களுக்கு 24 மணி நேரம்தான். 14 நாள் ட்ரையலுக்கு இது எப்படித் தாங்கும்? போனில் பதிந்தவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பணம் கட்டினாலும் தொடர்பு அறுந்துவிடும். யூபிஐ ஆப்பில் கட்டிவிட்டு பிரவுசருக்குத் திரும்பாதவர்களும் உண்டு: பணம் வந்திருக்கும், நன்றிப் பக்கம் திறந்தே இருக்காது.

லிங்க்கில் வரும் கிளிக் ஐடியைப் பதிவுப் படிவத்தில் மறைவான புலமாக வைத்து, கிளிக் நேரத்தோடு டேட்டாபேஸில் அந்த வாடிக்கையாளரின் வரியிலேயே எழுதிவிடுங்கள். கிளிக்கிலிருந்து பதிவு வரைக்கும் மட்டும் குக்கி போதும். அதையும் உங்கள் சர்வரே வைக்கட்டும். அதன்பின் ட்ரையல், கட்டணம், புதுப்பிப்பு ஒவ்வொன்றையும் உங்கள் சர்வர், பார்ட்னர் கணக்குகளை வைத்திருக்கும் அஃபிலியேட் நெட்வொர்க்கின் சர்வருக்கு போஸ்ட்பேக்காக (பிரவுசர் இல்லாமல் சர்வர் நேரடியாக அனுப்பும் தகவல்) அனுப்ப வேண்டும்: கிளிக் ஐடி, நிகழ்வின் பெயர், தொகை, டிரான்ஸாக்‌ஷன் ஐடி. கட்டண நிகழ்வைக் கிளப்ப வேண்டியது பேமென்ட் கேட்வேயின் (பணம் வாங்கித் தரும் சேவை) வெப்ஹுக், அதாவது பணம் வந்ததும் அது உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவல். கேட்வேதான் அனுப்பியது என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, உடனே 200 ('கிடைத்தது') பதில் கொடுத்துவிட்டு, போஸ்ட்பேக்கை க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) போடுங்கள். தோற்றால் மறுபடி அனுப்பவும் அதுவே வழி.

டிரான்ஸாக்‌ஷன் ஐடியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வாடிக்கையாளர் எண்ணையே எல்லாப் படிக்கும் கொடுத்தால், பதிவை ஏற்றுக்கொண்ட நெட்வொர்க் அடுத்து வரும் கட்டணத்தை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடலாம். கட்டணத்துக்கு கேட்வேயின் பேமென்ட் ஐடியைக் கொடுங்கள். ஒரே வெப்ஹுக் இருமுறை வந்தாலும் கமிஷன் ஒருமுறைதான் விழும். பிக்சலையும் விட்டுவைப்பதானால் அதே ஐடி அதிலும் போகட்டும். புதுப்பிப்புக்கு ஒவ்வொரு மாதமும் புது ஐடி.

நெட்வொர்க் செட்டிங்கில் ஒன்றைப் பாருங்கள்: கிளிக்கிலிருந்து கமிஷனுக்கு 30 நாள் கெடு என்றால், அது எதுவரை ஓடுகிறது? கட்டணம் வரை என்று இருந்தால், 20ஆம் நாள் பதிந்து ட்ரையல் முடித்தவர் 34ஆம் நாள் கட்டும் பணம் ஏறாது. பதிவுவரை என்று மாற்றுங்கள்.

கமிஷனைக் கட்டணத்துக்கு மட்டும் வையுங்கள். பதிவுக்கும் காசு என்றால் போலி மெயில்கள் வரிசை கட்டும். ரீஃபண்ட் கெடு முடியும்வரை கமிஷன் நிலுவையில் இருக்கட்டும். ரீஃபண்ட் ஆனால் அதே ஐடியில் ரத்து அனுப்புங்கள்.

சோதிக்க, பார்ட்னர் லிங்க் வழியாக ஐபோனில் பதியுங்கள். குக்கிகளை அழித்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் லாகின் செய்து பணம் கட்டி, நன்றிப் பக்கம் வருமுன் டேபை மூடுங்கள். அப்போதும் அந்தக் கட்டணம் பார்ட்னர் கணக்கில் ஒரே ஒருமுறை ஏறியிருக்க வேண்டும்.