சிஏவா பேங்கா என்று கேட்கும் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

பாப்பா பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் 600க்கு 548 எடுத்திருக்கிறாள். நீங்கள் ஆடிட்டராக்கிப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள், வீட்டில் அம்மா பேங்க் வேலை போதும் என்கிறார், அவளோ யூடியூப் பார்த்துவிட்டு ஷேர் மார்க்கெட் என்கிறாள். மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் பணத்தைச் சுற்றிய வேலைதான். ஆனால் காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்யப்போவது மூன்றிலும் வேறு வேறு. ஒன்றில் நடந்து முடிந்த கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஒன்றில் முன்பின் தெரியாத ஆளுக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுத்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் வேண்டும். மற்றொன்றில் இனி நடக்கப்போவதை மதிப்பிட வேண்டும். இதில் எது அவளுக்குக் கைவரும் என்று மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் படிப்பின் பெயரைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அவள் சம்பாதிக்கத் தொடங்கும்வரை வீடு எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

முதலில் சிஏ, அதாவது ஆடிட்டராவதற்கான சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி படிப்பு. உங்கள் மஞ்சள் மண்டிக்கு வரும் ஆடிட்டர் வருமான வரியும் ஜிஎஸ்டியும் தாக்கல் செய்வதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அந்தத் தொழிலின் ஒரு பக்கம். கம்பெனிகளின் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை இந்த நாட்டில் சிஏவுக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை கடுமை. தேர்வு மூன்று கட்டம்: ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள், இன்டரில் ஆறு, ஃபைனலில் ஆறு. ஒவ்வொரு தாளிலும் 40 எடுத்தால் போதாது, மொத்தத்தில் 50 சதவீதமும் வர வேண்டும். நாலு தாளையும் 45, 45 என்று தாண்டியவர் ஃபெயில்தான். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஓர் ஆடிட்டரிடம் இருந்து பெறும் கட்டாயப் பயிற்சி, மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. தேர்வும் இப்போது வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. எங்கும் தடுக்காமல் போனால் ஏறக்குறைய மூன்றரை வருடத்தில் முடித்துவிடலாம். கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் இந்தக் கணக்குத்தான் இருக்கும். நீங்கள் ஐந்து, ஆறு வருடம் என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். ஒவ்வொரு தேர்விலும் இன்டர், ஃபைனல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த முறை தேறுவதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒருமுறை தவறியதும் "மண்டைக்கு எட்டவில்லை போல" என்று சொந்தபந்தம் பேசும். அதற்கு இப்போதே காதை அடைத்துக்கொள்ளுங்கள்.

அவள் தமிழ் மீடியம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிஏ தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் முடியாது. கணக்குத் தாளில் இது பெரிய தடையில்லை, பற்று வரவு எந்த மொழியிலும் பற்று வரவுதான். இடறுவது வணிகச் சட்டத் தாளில். அங்கே பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் விளக்கி எழுத வேண்டும். நான் பார்த்தவரை தமிழ் மீடியம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் சட்டத்தை ஆங்கிலத்தில் படித்து, புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழகினால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும். இன்னொன்றும் கேட்டுச் சொல்லுங்கள்: பிளஸ் டூவில் நான்காவது பாடமாக வணிகக் கணிதம் எடுத்தாளா, கணினிப் பயன்பாடுகள் எடுத்தாளா? கணினி என்றால் ஃபவுண்டேஷனின் மூன்றாவது தாளுக்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். கணிதம், தர்க்கம், புள்ளியியல் எல்லாம் அதில்தான் வருகின்றன. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பதால் குத்துமதிப்பாக டிக் அடித்துத் தப்பவும் முடியாது.

ஆர்ட்டிகிள்ஷிப் பற்றி யாரும் உள்ளதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் என்கிற முன்கூட்டிப் பிடிக்கும் வரி, விசைத்தறிக்காரருக்குப் பேங்க் லோன் ரிப்போர்ட் என்று எல்லாம் கையில் வரும். டீ வாங்கி வருவதும் சில ஆபீஸ்களில் சேர்த்தி. சென்னையில் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் பெயர் கிடைக்கும். ஆனால் ஒரே கம்பெனியின் இயந்திரங்களையும் தளவாடங்களையும் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பதிலேயே மாதங்கள் ஓடலாம். மார்ச் 31 அன்று ஊரில் எங்காவது ஒரு குடோனில் ஸ்டாக் எண்ணிக்கொண்டிருப்பாள். செப்டம்பர் வந்தால் ராத்திரி எட்டு மணிக்குப் புறப்படுவது சீக்கிரம் கிளம்பின மாதிரி. மாதாமாதம் ஸ்டைபெண்ட் என்று உதவித்தொகை வரும், சென்னை ஹாஸ்டல் வாடகைக்கு அதை நம்பாதீர்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டும் "இந்தப் பில்லும் அந்த லெட்ஜரும் ஏன் ஒத்துவரவில்லை?" என்று நோண்டும் குணம் அவளிடம் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். நீங்கள் பேரேடு பார்த்து வளர்த்த பிள்ளை, இருக்கக்கூடும்.

அம்மா சொல்லும் பேங்க் வேலைக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் கவுன்டர் வேலை. அந்த வேலை இன்றும் இருக்கிறது, கூடவே டார்கெட்டும் வந்துவிட்டது. அரசு வங்கியில்கூட இன்சூரன்ஸ் விற்கச் சொல்கிறார்கள். கிளார்க் வேலைக்காக அரசு வங்கிகளுக்குப் பொதுவாக நடக்கும் ஐபிபிஎஸ் தேர்வை இப்போது தமிழிலேயே எழுதலாம், வயது 20 முதல் 28 வரை. பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஆபீசர் வேலைக்கு 30 வரை வயது உண்டு, தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான், நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றுவார்கள். மகளை பாட்னாவில் விட்டுவிட்டு அம்மா நிம்மதியாகத் தூங்குவாரா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் வங்கித் தேர்வுக்கு இலவசப் பயிற்சியும் இருக்கிறது, காசு கட்டிச் சேர்ப்பதற்கு முன் அதை விசாரியுங்கள்.

இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் டிகிரி கட்டாயம். உங்கள் குழப்பத்தின் முடிச்சு எனக்கு இங்கேதான் தெரிகிறது. சிஏவை நம்பி டிகிரியை விட்டுவிட்ட பிள்ளை இன்டரில் சிக்கினால், 22 வயதில் பேங்க் தேர்வுக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது.

அரசு வங்கியை விட்டால் வேறில்லை என்றும் நினைக்காதீர்கள். கரூர் வைசியா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் என்று நூறு வருடம் கடந்த தனியார் வங்கிகள் நம் ஊர்களில் பிறந்தவை, தாங்களே ஆளெடுக்கின்றன. சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் மூன்றுக்கும் பதிவு அலுவலகம் சென்னை. வண்டிக் கடனில் பெரிய கைகள். அங்கே கிரெடிட் ஆபீசர் என்றால் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிக்காரரை நேரில் பார்த்து, லோடு ஒழுங்காகக் கிடைக்கிறதா, டயர் எப்படி இருக்கிறது, பழைய தவணை கட்டினாரா என்று விசாரித்து எழுத வேண்டும். பேலன்ஸ் ஷீட்டே இல்லாத மனிதரின் கணக்கை அவர் பேச்சிலிருந்து படிக்கும் வேலை. என்னைக் கேட்டால் நிதித்துறையிலேயே சுவாரசியமான நாற்காலிகளில் இது ஒன்று. வெயிலில் அலையத் தயங்காத பிள்ளைகளுக்கு இதைத் துணிந்து சொல்வேன்.

பாப்பா சொல்லும் ஷேர் மார்க்கெட்டில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து, விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆப்ஷன் டிரேடிங் செய்வது வேலையில் சேராது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வர்த்தகமான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. அதே துறையில் சம்பளம் தரும் வேலைகளும் உண்டு. ஒரு கம்பெனியின் மூன்று வருடக் கணக்கைப் பிரித்துப் பார்த்து விலை அதிகமா குறைவா என்று எழுதும் ரிசர்ச் அனலிஸ்ட் ஒருவகை. மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டாளர்களின் கணக்கைப் பராமரிக்கும் பின்னணி வேலை இன்னொரு வகை, அதில் பெரிய நிறுவனமான கேம்ஸ் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளின் கணக்கு வேலைகளும் சென்னையில் நிறைய நடக்கின்றன. அங்கெல்லாம் பி.காமோடு எக்செலும் ஓரளவு ஆங்கிலமும் இருந்தால் உள்ளே நுழையலாம். செபி நிறுவிய என்ஐஎஸ்எம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளுக்குச் செலவு குறைவு. கல்லூரியில் இருக்கும்போதே ஒன்றை எழுதிப் பார்க்கட்டும், ஆசை நிஜமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசப் படிப்பான சிஎஃப்ஏவுக்கு இப்போது அவசரமில்லை, டிகிரியின் கடைசிக் கட்டத்தில் யோசிக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனியின் சட்ட நடைமுறைகளைக் கவனிக்கும் கம்பெனி செக்ரெட்டரி வேலை சட்டம் பிடித்தவர்களுக்கு. இன்சூரன்ஸில் இடரைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலை கணிதத்தில் ஊறியவர்களுக்கு மட்டும். சில கல்லூரிகள் "பி.காம். வித் சிஎம்ஏ" என்று போர்டு வைக்கும்போது, நம் நாட்டுச் சட்டப்படியான சிஎம்ஏவா (செலவுக் கணக்குப் படிப்பு), இரண்டு தாள் கொண்ட அமெரிக்க சிஎம்ஏவா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் வேறு, செலவும் வேறு. பிரிட்டிஷ் கணக்குப் படிப்பான ஏசிசிஏவில் 13 தாள்கள், கட்டணம் பவுண்டில், அதை வைத்து இந்தியாவில் தணிக்கைக் கையெழுத்துப் போட முடியாது. "ஃபைனான்ஸ் மேனேஜர் டிரெயினி" என்று கூப்பிட்டு முன்பணம் கேட்கும் இடங்களில் கால் வைக்காதீர்கள். பாதிக்கு மேல் கமிஷனுக்கு பாலிசி விற்கிற வேலைதான், மீதி அதுகூட இல்லை.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. பக்கத்தில் ஒரு நல்ல கல்லூரியில் ரெகுலர் பி.காம். சேருங்கள். பதிவுக்கும் தேர்வுக்கும் இடையில் நான்கு மாதம் வேண்டும் என்பதால், இந்த மாதமே ஃபவுண்டேஷனுக்குப் பதிந்தால் ஜனவரியில் எழுதலாம். தேறினால் கல்லூரியோடு சேர்த்தே இன்டருக்குப் படிக்கட்டும். ஆர்ட்டிகிள்ஷிப்பை டிகிரி முடிந்ததும் தொடங்கலாம், ஒரு வருடம் கூடினாலும் இரண்டும் கையில் இருக்கும். இன்டர் தேறி ஆர்ட்டிகிள்ஷிப்பும் முடித்தவர்களைத் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கூப்பிட்டு எடுத்துக்கொள்கின்றன, அதனால் ஃபைனல் தள்ளிப்போனாலும் வீடு தாங்கும். ஃபவுண்டேஷனே கசந்தால் இழப்பு ஆறு மாதம்தான். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் பின்னால் மனம் மாறியும் நேரடியாக இன்டரில் சேரலாம், இல்லையென்றால் பேங்க் தேர்வு இருக்கிறது.

கோச்சிங் சென்டரில் இன்டர்வரைக்கும் சேர்த்து மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஃபவுண்டேஷனுக்கு மட்டும் கட்டுங்கள். கல்லூரி திறக்கும்வரை உங்கள் மண்டி ஆடிட்டரிடம் கேட்டு இரண்டு வாரம் அவர் ஆபீஸில் உட்கார வையுங்கள், சம்பளம் வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.