வெள்ளை வேட்டிக்கு ஸ்பிரேயா, கஞ்சியா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எப்போதும் பருத்தி வேட்டி, சட்டைதான். தோப்புக்குப் போனால் வேட்டி ஓரத்தில் கறுப்பு மண், ஒற்றப்பாலம் பக்கம் போய் வந்தால் செம்மண். போர் தண்ணீரில் பார் சோப்பு போட்டு எவ்வளவு கும்மினாலும் ஒரு மங்கல் நிற்கிறது. 'அழுக்கே ஒட்டாது' என்று ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேட்டிக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிவிட்ட நாடாவாகத் தெரியும். நெடுக மடிப்பு, நடுவில் குழல். உங்கள் சித்தூர் தாலுகா கரிசல் மண்ணில் களி அதிகம். களித்துகள் ஒரு மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கைவிடச் சிறியது. இழையின் மடிப்புக்குள் சுலபமாகப் புகுந்துகொள்ளும். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அங்கேயே பசை போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். காலர் சீக்கிரம் கறுப்பதும் இந்தப் பிசுக்கால்தான்.

ஆகவே சேறு பட்டவுடன் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். களியை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் ஊறவையுங்கள்.

உங்கள் மங்கலுக்குப் பாதிக் காரணம் தண்ணீர் என்றே நினைக்கிறேன். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு பார் சோப்பு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரிந்து துணிமேல் படியும். அதில் அழுக்கு ஒட்டும். சலவைப் பவுடருக்கு மாறுங்கள். பல பவுடர்களில் சி.எம்.சி. என்ற பொருள் சேர்க்கிறார்கள். கழன்று வந்த அழுக்கு திரும்பத் துணியில் போய் ஒட்டாமல் தடுப்பது அதன் வேலை. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் விடாதீர்கள். சொட்டு நீலம் மங்கலை மறைக்கும், எடுக்காது.

செம்மண் கறை வேறு விஷயம். அந்தச் சிவப்பு இரும்புத் துரு. பிளீச்சிங் பவுடருக்கு அது அசையாது. துவைத்த பிறகும் நின்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து நன்றாக அலசுங்கள்.

சரி, ஸ்பிரே. இந்த வகைக்கு முன்னோடி 1950-களில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் கொண்டுவந்த ஸ்காட்ச்கார்டு. ஆய்வகத்தில் தற்செயலாக ஒரு ஷூமேல் சிந்திய ஃப்ளோரின் கலவையிலிருந்து பிறந்தது. தண்ணீரும் எண்ணெயும் இரண்டுமே முத்தாக உருண்டு ஓடிவிடும். ஆனால் அந்தக் குடும்பத்து ரசாயனங்கள் சிதையாமல் மனித ரத்தத்தில் தேங்குவது தெரிந்து, 2000-இல் பழைய கலவையைக் கைவிடுவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. இப்போது வருபவை வேறு கலவைகள். இருந்தாலும் தண்ணீரை ஒட்டவிடாத துணி வியர்வையை எப்படி உறிஞ்சும்? நடக்கையில் உரசி உள்ளே ஏறிய மண்ணை எடுக்கச் சோப்புத் தண்ணீரும் உள்ளே போக மறுக்கும். நாலு துவையலில் பூச்சும் தேய்ந்துவிடும். சோபா உறைக்கு அடிப்பதென்றால் அடியுங்கள்.

வேட்டிக்குக் கஞ்சிதான். அரிசி மாவும் பஞ்சும் ஒரே வகைச் சர்க்கரையால் ஆனவை, அதனால் கஞ்சி இழையோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மடிப்புகளை மூடி, மேலே மெல்லிய படலமாக நிற்கும். அழுக்கு விழுவது அந்தப் படலத்தின்மேல். அடுத்த துவையலில் ஊறவைத்தால் கஞ்சி கரைந்து அழுக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்கு நீர்க்கவிட்டு, கடைசியாக முக்கிப் பிழியுங்கள். கெட்டியாகப் போட்டால் மடிக்கிற இடத்தில் இழை முறியும். மரவள்ளி மாவிலும் காய்ச்சலாம்.

கர்க்கடக (ஆடி) மாத மழையில் மட்டும் கஞ்சி போட்ட துணியை பீரோவில் அடுக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அப்புறம், ஓணத்துக்குக் கட்டும் கசவு வேட்டியின் ஜரிகையில் எலுமிச்சைச் சாறு படவிடாதீர்கள், மங்கிவிடும்.