வட்டம் ஏன் முட்டையாகிறது?

கேள்வி: பிளைவுட், ஆர்டுயினோ (சின்னக் கட்டுப்பாட்டு போர்டு) வைத்து வீட்டிலேயே சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்கிறபடி பலகை வெட்டும் இயந்திரம்) கட்டினேன். வட்டம் வெட்டினால் முட்டை வடிவில் வருகிறது. மோட்டாரை மாற்றணுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மோட்டார்மேல் பழி போடாதீங்க! முட்டை எந்தப் பக்கம் நீளுதுன்னு பாருங்க. மூலைவாட்டில் சாய்ந்திருந்தால் கேன்ட்ரி, அதாவது வெட்டும் தலையைத் தாங்கி நகரும் பாலம், கோணல். ஒரு சதுரம் வெட்டி, இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. சமமாக வரும்வரை கேன்ட்ரி போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்க. எக்ஸ் அல்லது ஒய் பக்கமாக நேராக நீண்டால் ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில், மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100 (எக்ஸ்), $101 (ஒய்) எண்களைச் சரிபாருங்க. சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ (திருகுத்தண்டு) என்றால் மி.மீ.க்கு 200 ஸ்டெப். அச்சு திரும்புமிடத்தில் சின்னப் படி தெரிந்தால் லீட் ஸ்க்ரூ நட்டில் ஆட்டம். அந்த ஆட்டத்தைக் குறைக்க, ஸ்பிரிங் வைத்த ஆன்டி பேக்லாஷ் நட் போடுங்க. அதுவரை பிளைவுட்டை வீணாக்காமல் வெட்டும் பிட்டுக்குப் பதில் பேனா கட்டி வரைந்து பாருங்க.