பழையது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்: அமெரிக்க நாணயங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வெள்ளியும் தங்கமும் விலை ஏறினால் நாணய விளம்பரங்களும் கூடவே பெருகிவிடும். அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் இதுபற்றி எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுவதும் நாணயத்துக்கே.

கேள்வி: 1921ஆம் ஆண்டு மார்கன் வெள்ளி டாலர் ஒன்றை டிவியில் விற்கிறார்கள். "நூறாண்டு கடந்த அரிய நாணயம், ஒருவருக்கு ஐந்துதான்" என்கிறார்கள். மகள் பட்டம் வாங்கப்போகிறாள், பரிசாகக் கொடுக்க ஆசை. உள்ளூர் நாணயக் கடையில் பாதி விலைக்கே கிடைக்கும் என்கிறார் கணவர். எதை நம்புவது? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: கணவர் சொல்வதை நம்புங்கள். மார்கன் டாலர் வரிசையிலேயே மிக எளிதாகக் கிடைப்பது இந்த 1921தான். அந்த ஒரே ஆண்டில் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச்சாலைகளும் சேர்ந்து 8 கோடியே 67 லட்சம் நாணயங்களை அச்சடித்தன. நூறு வயது ஆனது உண்மை. அரியது என்பது உண்மையில்லை.

ஏன் அவ்வளவு அடித்தார்கள் என்பதற்குப் பின்னால் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போர் நடந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் காகித ரூபாய் வைத்திருந்தவர்கள் அதை வெள்ளி ரூபாயாக மாற்றித் தரச் சொல்லி நெருக்கினார்கள். அரசிடம் அவ்வளவு வெள்ளி இல்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் போய் நின்றது. 1918இல் பிட்மன் சட்டம் வந்தது. கிடங்குகளில் தூங்கிக்கொண்டிருந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அந்த வெள்ளியின் பெரும்பகுதி இந்திய ரூபாய்க்காகக் கப்பல் ஏறியது. உருக்கியதற்கு ஈடாக அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி வாங்கி மறுபடி டாலர் அடிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் நிபந்தனை. 1904க்குப் பிறகு நின்றுபோயிருந்த மார்கன் டாலர் 1921இல் திரும்பி வந்ததும், கோடிக்கணக்கில் குவிந்ததும் அதனால்தான்.

ஆகவே விலை கேட்கும்போது இரண்டு கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை. மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. அதாவது 0.7734 ட்ராய் அவுன்ஸ். அன்றைய வெள்ளி விலையை இதால் பெருக்கினால் வருவது உலோகத்தின் மதிப்பு. அதற்கு மேல் கேட்பதெல்லாம் சேகரிப்பு மதிப்பு. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம் அல்லவா, அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். தேய்ந்த 1921 நாணயத்துக்கு அந்தக் கூடுதல் தொகை சொற்பமாகத்தான் இருக்க வேண்டும்.

சேகரிப்பு மதிப்பை ஆண்டு, நாணயச்சாலை, நிலை என்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மார்கன் டாலரின் பின்பக்கத்தைத் திருப்பி, கழுகுக்குக் கீழே இருக்கும் மாலையின் முடிச்சைப் பாருங்கள். அதற்கும் 'டாலர்' என்ற சொல்லுக்கும் நடுவே பொடி எழுத்து ஒன்று இருக்கலாம். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' நியூ ஆர்லியன்ஸ், 'சிசி' நெவாடாவில் இருந்த கார்சன் சிட்டி. எதுவும் இல்லை என்றால் பிலடெல்பியா. 1893ஆம் ஆண்டு 'எஸ்' நாணயத்தில் அச்சடித்ததே ஒரு லட்சம்தான், தேய்ந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் போகும். பிலடெல்பியாவில் அடித்த அதே ஆண்டு நாணயத்தில் ஒரு 'எஸ்' எழுத்தை ஒட்டி ஏமாற்றும் வேலையும் நடக்கிறது. அதனால் அந்த நாணயத்தைத் தரம் பார்க்கும் நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே கூடாது.

மகளுக்குக் கொடுக்க என் பரிந்துரை 1880, 1881, 1882 ஆண்டுகளின் 'எஸ்' நாணயங்களில் ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டுகளில் அச்சு அவ்வளவு கூர்மையாக விழுந்தது. புழக்கத்துக்கே வராத நாணயங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, விலையும் கைக்கு அடக்கம். விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி ஒரு சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வரும். மகளையே சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வூதியச் சேமிப்பைத் தங்கத்துக்கு மாற்றலாம் என்று ஒரு நிறுவனத்திலிருந்து தினமும் போன் வருகிறது. "1933இல் அரசு தங்கத்தைப் பறித்தது போல மறுபடியும் பறிக்கும். பழைய 20 டாலர் தங்க நாணயத்தை மட்டும் தொட மாட்டார்கள்" என்கிறார்கள். உண்மையா? (வாசகர், டெக்சஸ்)

பதில்: பாதி உண்மையை வைத்துப் பயமுறுத்துகிறார்கள். 1933 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டது உண்மை. மக்கள் தங்கத்தை ஒப்படைத்தார்கள், அவுன்ஸுக்கு 20.67 டாலர் கணக்கில் பணம் பெற்றார்கள். சேகரிப்பு மதிப்புள்ள அரிய நாணயங்களுக்கு அந்த உத்தரவிலேயே விலக்கு இருந்ததும் உண்மை. ஆனால் அது 1933இன் உத்தரவு. 1974 டிசம்பர் 31 முதல் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு தங்கமும் வைத்திருக்கலாம். வருங்காலத்தில் ஒரு சட்டம் வந்தால் அதில் எதற்கு விலக்கு இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் உறுதி தர முடியாது. போனில் பேசுபவராலும் முடியாது.

அவர் ஏன் பழைய நாணயத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று யோசியுங்கள். 20 டாலர் நாணயத்தில் இருக்கும் தங்கம் 0.9675 அவுன்ஸ். 1986 முதல் அமெரிக்க நாணயச்சாலை வெளியிடும் ஒரு அவுன்ஸ் தங்க நாணயமான கோல்ட் ஈகிளில் முழு அவுன்ஸ் இருக்கிறது. ஈகிளின் விலையை அன்றைய சந்தை விலையோடு எவரும் ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். பழைய நாணயத்திலோ 'அரியது', 'தரம் உயர்ந்தது' என்று சொல்லி எவ்வளவும் ஏற்றலாம். லாபம் அங்கேதான்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கில் பழைய 20 டாலர் நாணயத்தை வைக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை, சேகரிப்புப் பொருள் என்று ஒதுக்கிவிடும். ஈகிளுக்கு அனுமதி உண்டு. தங்கம்தான் வேண்டும் என்றால் கடைக்கு நேரில் போய், "இதையே நாளைக்கு உங்களிடம் விற்றால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஈகிள் வாங்குங்கள். போனில் அவசரப்படுத்துபவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் முதுமைக்கான பணம்.

கேள்வி: பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் ஒரு டப்பா நிறைய வெள்ளி நாணயம் வாங்கினேன். எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பவுடர் போட்டால் பளிச்சென்று ஆகுமே? (வாசகர், கலிபோர்னியா)

பதில்: தயவுசெய்து வேண்டாம். பவுடர், பற்பசை, புளி, எலுமிச்சை, அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் என எதுவும் வேண்டாம். தேய்த்த நாணயத்தின் மேல் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அனுபவமுள்ள டீலர் விளக்கின் கீழ் ஒருமுறை சாய்த்தாலே சொல்லிவிடுவார். அதன்பின் அது 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற பெயரோடு பாதிக்கும் கீழே போகும். அந்தக் கறுப்பை 'டோனிங்' என்பார்கள். நீலமும் செம்பொன்னுமாக அழகாகப் படிந்த டோனிங்குக்குக் கூடுதல் விலை கொடுக்கவே ஆட்கள் உண்டு.

பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் மட்டும் கவனம் தேவை. அது பெரும்பாலும் பழைய பிவிசி உறையிலிருந்து கசிந்தது, உலோகத்தை அரிக்கும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, தானாக உலர விடலாம். அடுப்படிக்கு அருகில் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும். நகப்பாலிஷ் அகற்றும் திரவத்தில் வேறு பொருட்கள் கலந்திருக்கும், அதைப் பயன்படுத்தாதீர்கள். பிறகு பிவிசி இல்லாத உறையில் போடுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

அந்த டப்பாவில் 1964 வரையிலான டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் இருந்தால் அவை 90 சதவீத வெள்ளி. 1965 முதல் டைமும் குவார்ட்டரும் செம்பு நடுவில் வைத்த நிக்கல் கலவை. விளிம்பில் செம்புக் கோடு தெரியும். அரை டாலர் மட்டும் 1970 வரை 40 சதவீத வெள்ளியோடு வந்தது.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து 'எம்எஸ் 65' என்று எழுதிய நாணயத்தைத்தான் வாங்க வேண்டுமா? (வாசகர், மிச்சிகன்)

பதில்: எல்லாவற்றுக்கும் தேவையில்லை. சில நூறு டாலருக்கு மேல் போகும் நாணயத்துக்கும், போலிகள் மலிந்த நாணயத்துக்கும் தேவை. தரம் 1 முதல் 70 வரை, 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கு வராதது; 'எம்எஸ்' (மின்ட் ஸ்டேட்) என்பதும் அதையே குறிக்கிறது. தரம் பார்த்துச் சான்றளிக்கும் நிறுவனங்களில் பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் சந்தை நம்பும் பெயர்கள். பெயர் தெரியாத பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மதிப்பே கிடையாது, கடைக்காரர் வீட்டிலேயே அச்சடித்திருக்கலாம்.

நல்ல பெயருள்ள பெட்டிக்கும் போலி வந்துவிட்டது. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். ஏனென்றால் போலி செய்பவர்கள் உண்மையான எண்ணையே திருடிப் போடுகிறார்கள். 'டீடெயில்ஸ்' என்ற சொல் இருந்தால் நாணயம் அசல், ஆனால் சேதம் உண்டு என்று பொருள். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். விலையை விற்பவர் கேட்கும் தொகையில் பார்க்காதீர்கள், இதற்கு முன் உண்மையிலேயே விற்று முடிந்த ஏலங்களில் பாருங்கள்.

கேள்வி: 1980களிலிருந்து ஒவ்வொரு வருடமும் அமெரிக்க நாணயச்சாலையிலிருந்து புரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்கென்றே பளபளப்பாக அடித்த நாணயத் தொகுப்பு) வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன். ஐம்பது மாநிலக் குவார்ட்டர்களும் முழுதாக இருக்கின்றன. விற்றால் நல்ல விலை வருமா? (வாசகர், இல்லினாய்)

பதில்: வருத்தமான பதில்தான். அந்தக் காலத்து சாதாரண புரூஃப் செட்டுகளில் பல இன்று நீங்கள் கொடுத்த விலைக்கும் கீழே போகின்றன. லட்சக்கணக்கில் விற்றார்கள், வாங்கிய எல்லோரும் உங்களைப் போலவே பத்திரமாக வைத்தார்கள். மாநிலக் குவார்ட்டர்கள் 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்தாக வந்தன, நாடே சேர்த்து வைத்தது. அஞ்சல் வழியாக விற்ற தங்கமுலாம், வண்ணம் பூசிய குவார்ட்டர்களுக்கு நாணயக் கடையில் 25 சென்ட்தான்.

1992 முதல் வந்த வெள்ளி புரூஃப் செட்டுகள் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அவற்றுக்கு உலோக மதிப்பு இருக்கிறது. நவீன நாணயத்தில் அரியது இல்லாமல் போகவில்லை. 1995இல் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையில் அடித்த புரூஃப் சில்வர் ஈகிளைத் தனியாக விற்கவே இல்லை, பத்தாம் ஆண்டுத் தங்க நாணயத் தொகுப்பை வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். மொத்தம் 30,125 மட்டுமே. இன்றும் அந்த வரிசையின் உச்சியில் இருப்பது அதுதான். இத்தனை ஆண்டு பார்த்து ரசித்த தொகுப்பு உங்களுடையது. பணத் தேவை இல்லை என்றால் பேரப்பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: 1943ஆம் வருடச் செம்புப் பென்னி என்னிடம் இருக்கிறது. பல லட்சம் டாலர் என்கிறது யூடியூப். பென்னி அடிப்பதையே நிறுத்திவிட்டார்களாமே, இருக்கும் பென்னிகளையும் சேர்த்து வைக்கட்டுமா? (வாசகி, ஓஹியோ)

பதில்: முதலில் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் துத்தநாகம் பூசிய எஃகில் நூறு கோடிக்கும் மேல் பென்னி அடித்தார்கள். தவறுதலாகச் செம்பில் விழுந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். காந்தம் ஒட்டினால் உங்களிடம் இருப்பது எஃகுப் பென்னிக்கு மேலே செம்பு முலாம். ஒட்டாவிட்டால் '3'இன் வாலை உருப்பெருக்கியில் பாருங்கள். அசலில் அந்த வால் மற்ற எண்களைவிடக் கீழே நீண்டு இறங்கும். 1948இன் '8'ஐ அரத்தால் ராவி '3' ஆக்கியவற்றில் அது இருக்காது. எடை 3.11 கிராமை ஒட்டி, இந்த இரண்டிலும் தேறினால் மட்டும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசிக்கு அனுப்புங்கள்.

புழக்கத்துக்கான கடைசிப் பென்னிகளை 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் அடித்தார்கள். ஆனால் சுமார் 30,000 கோடி பென்னி இன்னும் வெளியே இருப்பதாகக் கருவூலத்துறை மதிப்பிட்டிருக்கிறது. அதனால் "கடைசிப் பென்னி ரோல்" என்று பல மடங்கு விலையில் விற்பவர்களிடம் போகாதீர்கள். 1982க்கு முந்தைய பென்னிகள் பெரும்பாலும் 95 சதவீதம் செம்பு என்பதால் பலர் பொறுக்கி வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் உருக்குவதற்கு 2006 டிசம்பர் முதல் தடை இருக்கிறது. ஆசைக்கு வங்கியில் ரோல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஐம்பது பென்னி, ஐம்பது சென்ட். கோதுமைக் கதிர் போட்ட பழையது ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், 1958 வரை அடித்தவை இப்போதும் அவ்வப்போது வருகின்றன.