பைத்தான் வழியாக ஓட்டினால் என்மேப் பாதிச் சாதனங்களைக் காட்டாதது ஏன்?

உங்கள் கோடில் தப்பு இல்லை. நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேடும் என்மேப், ரூட் (முழு நிர்வாகி) அனுமதி இல்லாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். டெர்மினலில் சூடோ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) போட்டால் 14 சாதனம், அதே ஸ்கேனை பைத்தானின் சப்பிராசஸ் வழியாக ஓட்டினால் 5 என்கிறீர்களே, அந்த வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

ரூட்டாக ஓடும்போது உள்ளூர் நெட்வொர்க்கில் என்மேப் ஏஆர்பி கேள்வி (‘இந்த ஐபி யாருடையது?’ என்று கேட்பது) அனுப்பும். ஃபயர்வால் போட்ட கம்ப்யூட்டர்கூட அதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். சாதாரண யூசருக்கு அந்த வழி கிடையாது. 80, 443 என்ற இரண்டு போர்ட்டை மட்டும் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் அந்தச் சாதனமே இல்லை என்று விட்டுவிடும். எரர்கூடக் காட்டாது, அதுதான் கடுப்பு.

சந்தேகமிருந்தால் புரோகிராமில் கிடைத்த அவுட்புட்டில் ‘மேக் அட்ரஸ்’ (MAC Address) வரி இருக்கிறதா பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் இதுதான் காரணம்.

சரி, செய்ய வேண்டியது:

1. விசூடோவில் (சூடோ அனுமதிகளைத் திருத்தும் கட்டளை), நீங்கள் ஓட்டும் கட்டளையை முழுப் பாதை, ஆப்ஷன், ஐபி வரம்பு எல்லாம் சேர்த்து, பாஸ்வேர்ட் கேட்காதபடி அனுமதியுங்கள்.
2. கோடில் சப்பிராசஸுக்குக் கொடுக்கும் லிஸ்டின் முதல் இரண்டு உறுப்பாக சூடோவையும் அதன் ‘-n’ ஆப்ஷனையும் வையுங்கள். இல்லாவிட்டால், அனுமதி பொருந்தாதபோது பாஸ்வேர்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

விசூடோவில் வெறும் என்மேப் என்று எழுதி விட்டுவிடாதீர்கள். அதில் ஸ்கிரிப்ட் ஓட்டும் வசதி உண்டு. அதன் வழியாக யாரும் ரூட் ஷெல்லே எடுத்துவிடலாம். அப்புறம், தூங்குகிற போன்கள் சில நேரம் பதில் தராது. 14 என்பது ஒருநாள் 13 ஆனால் பதற வேண்டாம்.